வழக்கறிஞர் தூதராகலாமா? சட்டம் படிக்கும் மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

கோலாலம்பூரில் ஆறு ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்துவிட்டு வெளியுறவுச் சேவைக்குப் போனவன் நான். ஓய்வு பெற்றபின் பினாங்கில் வசிக்கிறேன். சட்டம் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நம் வீடுகளில் ‘லாயர்’ என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பு பெரியது. ஆனால் அந்தப் படிப்பு நீதிமன்ற வாசலோடு நின்றுவிடுகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தகுதியுள்ள பிள்ளைகள் விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

சட்டம் படித்தவர் தூதரானது நம் நாட்டில் நடந்திருக்கிறதா? அதிலும் தமிழ்ப் பெயருள்ள ஒருவர்?

நடந்திருக்கிறது. கோலாலம்பூரில் பல ஆண்டுகள் வழக்காடி, வழக்கறிஞர் மன்றத்தின் தலைவராகவும் இருந்த ஆர். ரமணி, 1964 முதல் 1968 வரை ஐக்கிய நாடுகள் சபையில் மலேசியாவின் நிரந்தரப் பிரதிநிதியாகப் பணியாற்றினார். புதிதாக உருவான மலேசியாவை இந்தோனேசியா எதிர்த்து மோதிவந்த நெருக்கடிக் காலம் அது. 1964 செப்டம்பர் 2ஆம் தேதி இரவில் இந்தோனேசியப் படையினர் ஜொகூரின் லாபிஸ் பகுதியில் பாராசூட்டில் வந்து இறங்கினார்கள். மலேசியா பாதுகாப்பு மன்றத்தில் முறையிட்டது. உள்துறை அமைச்சர் டாக்டர் இஸ்மாயில் நேரில் சென்று, கைப்பற்றிய ஆயுதங்களையும் பாராசூட்டையும் மன்றத்தின் நடுவே வைத்து வழக்கை எடுத்துரைத்தார். நார்வே கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஒன்பது நாடுகள் ஆதரவளித்தும், சோவியத் ஒன்றியம் தன் ரத்து அதிகாரத்தால் அதை வீழ்த்தியது.

அடுத்த ஆண்டு மலேசியாவே அந்த மன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தது. அதை எதிர்த்து 1965 ஜனவரியில் இந்தோனேசியா ஐ.நா.வை விட்டே வெளியேறியது. அதே ஆண்டு மே மாதத்தில், சுழற்சி முறையில் மலேசியாவின் முறை வந்தபோது, பாதுகாப்பு மன்றத்தின் தலைவர் நாற்காலியில் ரமணி உட்கார்ந்தார். டொமினிக்கன் குடியரசில் கடுமையான போர்நிறுத்தம் வேண்டும் என்ற 203ஆம் தீர்மானம் மே 14ஆம் தேதி நிறைவேறியது அவருடைய தலைமையில்தான். கோலாலம்பூர் நீதிமன்றங்களில் நின்று வாதாடிய ஒருவர், வல்லரசுகளின் பிரதிநிதிகளுக்குப் பேச்சு முறை வழங்கும் இடத்தில் இருந்தார் என்பதை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானும், 1967 ஆகஸ்ட் 8ஆம் தேதி பாங்காக்கில் ஆசியான் பிரகடனத்தில் மலேசியாவின் சார்பில் கையெழுத்திட்ட துன் அப்துல் ரசாக்கும் சட்டம் படித்தவர்களே. ஆனால் சட்டம் கட்டாயத் தகுதி என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவுக்கும் ஐ.நா.வுக்கும் மலாயா அனுப்பிய முதல் தூதர், மேலே சொன்ன டாக்டர் இஸ்மாயில், அவர் மருத்துவர்.

நீதிமன்றத்தில் நன்றாக வாதாடுபவர் நல்ல தூதராகிவிடுவாரா?

இதற்கும் ரமணியின் காலத்திலிருந்தே பதில் சொல்லலாம். 1965 செப்டம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டபோது, பாதுகாப்பு மன்றத்தில் அவர் ஆற்றிய உரை இந்தியாவின் பக்கம் சாய்ந்துவிட்டது என்று பாகிஸ்தான் கருதியது. அக்டோபரில் அந்நாடு மலேசியாவுடன் தூதரக உறவையே முறித்துக்கொண்டது. அடுத்த ஆண்டில்தான் உறவு மீண்டது. அந்த உரை சரியா தவறா என்பதைப் பற்றி இன்றைக்கும் இரண்டு கருத்துகள் இருக்கலாம். நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. ஒரே உரை, அதே சொற்கள், நீதிமன்றத்தில் பேசப்பட்டிருந்தால் மாலைக்குள் அதன் வேலை முடிந்திருக்கும்; மன்றத்தில் பேசப்பட்டதால் ஓர் ஆண்டு வரை அதன் விளைவை நாடு சுமந்தது.

நான் வழக்காடிய நாட்களில், காலை முழுவதும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரோடு மோதிவிட்டு, மதியம் அவரோடே ஒரே மேசையில் தே தாரிக் குடித்திருக்கிறேன். அது எங்களால் முடிந்ததற்குக் காரணம், எங்கள் இருவருக்கும் மேலே முடிவு சொல்ல ஒருவர் இருந்தார். தூதருக்கு மேலே அப்படி ஒருவர் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரே வாதியும் நீதிபதியும். அவரை வாயடைக்கச் செய்துவிட்டால் நமக்குக் கிடைப்பது தீர்ப்பு அன்று, மௌனம். அந்த மௌனத்தோடு அவர் தன் தலைநகருக்குத் தந்தி அடிப்பார். குறுக்கு விசாரணையில் பழகிய நாக்கு இதற்கு அடங்க எனக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அப்படியென்றால் சட்டப் படிப்பு இந்த வேலைக்கு எதற்கு?

காகிதத்துக்கு. இதை நான் அழுத்திச் சொல்வதற்கு இரண்டு தீர்ப்புகள் காரணம். இரண்டும் ஹேக் நகரில் உள்ள அனைத்துலக நீதிமன்றத்தில் வந்தவை. இரண்டிலும் மலேசியா ஒரு தரப்பு.

சபா கடலோரத்தில் உள்ள சிப்பாடான், லிகித்தான் தீவுகளுக்கு மலேசியாவும் இந்தோனேசியாவும் உரிமை கோரின. 2002 டிசம்பர் 17ஆம் தேதி நீதிமன்றம் 16க்கு 1 என்ற கணக்கில் மலேசியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பழைய ஒப்பந்தங்கள் எதுவும் அதைத் தீர்மானிக்கவில்லை. வடபோர்னியோவின் காலனி நிர்வாகம் அங்கே ஆமை முட்டை சேகரிப்பதை 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒழுங்குபடுத்தியிருந்தது. 1933இல் சிப்பாடானைப் பறவைகளின் காப்பிடமாக அறிவித்திருந்தது. 1962லும் 1963லும் கலங்கரை விளக்கங்கள் எழுப்பியிருந்தது. ஆமை முட்டைக்கு உரிமம் எழுதிக் கொடுத்த எவரும், அந்தத் தாள்கள் ஒரு நாள் இரண்டு தீவுகளை வாங்கித் தரும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

மறுபக்கத்தையும் பாருங்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் உரிமை கோரிய பத்து பூத்தே பாறைத் தீவைப் பற்றிச் சிங்கப்பூரின் காலனிச் செயலர் 1953 ஜூனில் ஜொகூருக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்டார். ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலர் செப்டம்பர் 21ஆம் தேதி, அத்தீவின் உடைமையை ஜொகூர் அரசாங்கம் கோரவில்லை என்று பதில் எழுதினார். 2008 மே 23ஆம் தேதி தீர்ப்பு வந்தபோது, தொடக்கத்தில் ஜொகூருக்கு இருந்த உரிமை பின்னாளில் சிங்கப்பூருக்குக் கைமாறிவிட்டது என்று 12 நீதிபதிகள் ஒரு பக்கமும் 4 பேர் மறுபக்கமும் நின்று முடிவு செய்தார்கள். அந்த முடிவுக்கு அடித்தளமாக நின்றவற்றில் அந்தச் சிறு கடிதம் முதன்மையானது. அருகிலிருந்த நடுப்பாறைகள் மலேசியாவுக்குக் கிடைத்தன. 2017இல் மறு ஆய்வு கேட்டு மலேசியா மனுச் செய்து, 2018இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்த வழக்கில் இரு தரப்பிலும் நின்றவர்களைக் கவனித்தால் இந்தத் தொழிலின் சேர்க்கை விளங்கும். மலேசியாவின் முகவர், அதாவது வழக்கில் அரசாங்கத்தின் பிரதிநிதி, வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவின் தலைமைச் செயலராக இருந்த தூதர் அப்துல் காடிர் முகமது. சிங்கப்பூரின் முகவர் டோமி கோ. சட்டப் பேராசிரியராக இருந்து, முப்பது வயதிலேயே ஐ.நா.வுக்கு அனுப்பப்பட்டு, கடல் சட்டம் பற்றிய மூன்றாம் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் அருகில் நின்றவர் எஸ். ஜெயக்குமார், அவரும் சட்ட விரிவுரையாளராக இருந்து ஐ.நா.வுக்குத் தூதராகச் சென்று, பிறகு வெளியுறவு அமைச்சராகவும் சட்ட அமைச்சராகவும் இருந்தவர்.

ஆகவே, ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதுமுன் ‘இதை இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து யாராவது நீதிபதி முன் படிப்பார்களா?’ என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர் வெளியுறவு அமைச்சுக்கு வேண்டும். சட்டம் படித்தவருக்கு அது இயல்பாக வரும்.

ஒரு சொல்லுக்கு உண்மையிலேயே அவ்வளவு எடை உண்டா?

உண்டு. 2015 டிசம்பர் 12ஆம் தேதி பாரிஸில் பருவநிலை உடன்படிக்கை நிறைவேறுவதற்குச் சற்று முன், நான்காம் பிரிவில் வளர்ந்த நாடுகளின் கடமையைச் சொல்லும் இடத்தில் ‘ஷல்’ என்று அச்சாகியிருந்ததை அமெரிக்கா கவனித்தது. கட்டாயத்தைக் குறிக்கும் அந்தச் சொல் நின்றால் தன்னால் ஏற்க முடியாது என்றது. அது ‘ஷுட்’ என்று மாற்றப்பட்டு, தொழில்நுட்பத் திருத்தங்களோடு ஒன்றாகச் சபையில் வாசிக்கப்பட்ட பிறகே உடன்படிக்கை நிறைவேறியது. தமிழில் சொன்னால் ‘செய்தாக வேண்டும்’ என்பது ‘செய்வது தகும்’ ஆயிற்று. அந்த மாநாட்டில், ஒத்த கருத்துடைய வளரும் நாடுகளின் பேச்சாளராக இருந்தவர் மலேசியச் சட்டப் பேராசிரியர் குர்டியால் சிங் நிஜார்.

என் சொந்த அனுபவம் மிகச் சிறியது. முதன்முதலில் நான் எழுதிய தூதரகக் குறிப்புரை என் மேலதிகாரியின் மேசையிலிருந்து சிவப்பு மையோடு திரும்பி வந்தது. இந்தக் குறிப்புரை ‘நான்’ என்றோ ‘நாங்கள்’ என்றோ பேசாது. தூதரகம் அமைச்சுக்கு வணக்கம் தெரிவித்துக்கொள்கிறது என்று படர்க்கையில் தொடங்கி, உயர்ந்த மதிப்பை மீண்டும் உறுதிப்படுத்தும் வாய்ப்பாக இதைக் கொள்கிறது என்று முடியும். கையெழுத்து இருக்காது, முத்திரையும் சுருக்கொப்பமும் மட்டும். நான் வழக்கறிஞர் நோட்டீஸ் எழுதும் கையோடு, ‘ஏழு நாட்களுக்குள்’ என்று கெடு வைத்துவிட்டேன். மேலதிகாரி அந்த வரியை அடித்துவிட்டு, ‘விரைவில் கிடைத்தால் நன்றியுடையதாக இருக்கும்’ என்று எழுதினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “தம்பி, எட்டாம் நாள் அவர்கள் பதில் போடவில்லை என்றால் நாம் என்ன செய்யப் போகிறோம்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

எந்த வழியாகச் சேர வேண்டும்?

பெரும்பாலோர் செல்லும் வழி, பொதுச் சேவை ஆணையத்தின் மூலம் நிர்வாக, அரசதந்திர அதிகாரி பதவிக்கு விண்ணப்பிப்பது. பி.டி.டி. என்று எல்லாரும் அழைக்கும் இந்தப் பதவியின் தொடக்கப் படி முன்பு எம்41 ஆக இருந்தது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சம்பளத் திட்டத்தில் எம்9 என்று மாறியிருக்கிறது. எந்தத் துறையில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வும், குழுவாக வைத்துச் சோதிக்கும் மதிப்பீடும், நேர்காணலும் உண்டு. தேர்வானவர்களுக்கு இந்தான் எனப்படும் தேசியப் பொது நிர்வாகக் கழகம் பயிற்சி தருகிறது. வெளியுறவுப் பணிக்கான தனிப் பயிற்சியைக் கோலாலம்பூரில் 1991 முதல் இயங்கும் அரசதந்திர, வெளியுறவுக் கழகம் நடத்துகிறது. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பி.டி.டி. ஆனவர் எல்லாரும் விஸ்மா புத்ராவுக்குப் போவதில்லை. நிதியமைச்சுக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ அனுப்பப்படலாம். வெளியுறவுதான் வேண்டும் என்றால் அதை நேர்காணலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்.

இன்னொரு வழி, நீதித்துறை, சட்டச் சேவையில் சேர்ந்து சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் அனைத்துலக விவகாரப் பிரிவில் இடம் பெறுவது. உடன்படிக்கை வரைவுகளை வரிவரியாகப் பார்ப்பவர்கள் அவர்கள்தாம். அங்கே இருப்பவர் நாளைக்கு அரசுத் தரப்பு வழக்கறிஞராக மாற்றப்படவும் கூடும். சட்டத்தின் மீதே காதல் உள்ளவர்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

ரமணி போனது இவற்றுள் எதிலும் சேராது. சேவைக்கு வெளியே இருப்பவரை அரசாங்கம் நேரடியாகத் தேர்ந்து அனுப்பும் நியமனம் அது. இன்றும் அப்படி நடக்கிறது. அதற்கு விண்ணப்பம் கிடையாது.

சேம்பரிங் (மூத்த வழக்கறிஞரிடம் பெறும் தொழிற்பயிற்சி) முடித்துவிட்டுத்தான் போக வேண்டுமா?

பி.டி.டி.க்குத் தேவையில்லை, பட்டம் போதும். ஆனாலும் முடித்துவிட்டுப் போங்கள் என்பதே என் கருத்து. உள்நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட சட்டப் பட்டம் பெற்றவர்கள் நேரே ஒன்பது மாதச் சேம்பரிங்குக்குப் போகலாம். இங்கிலாந்து அல்லது ஆஸ்திரேலியப் பட்டம் மட்டும் பெற்றவர்கள் சி.எல்.பி. எனப்படும் சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வு எழுத வேண்டியிருக்கும். இரண்டும் கடினம்தான். என்றாலும், அந்த ஒன்பது மாதத்தில் ஒரு கட்சிக்காரர் எதிரில் உட்கார்ந்து பாதி உண்மையை மட்டும் சொல்லும்போது மீதியை எப்படிக் கேட்டு வாங்குவது என்று கற்றுக்கொள்கிறோம். வெளிநாட்டு அமைச்சு அதிகாரியோடு உட்காரும்போது அதுவே கைகொடுக்கும். வழக்கறிஞராக ஏற்கப்படும் லாங் கால் நாளில் கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் அணிந்து உயர்நீதிமன்றத்தில் நின்று பெயர் பதிவான பிறகு, அந்தப் பதிவு உங்களுடையது. தூதரகம் சரிப்படவில்லை என்றால் திரும்பி வர ஒரு வாசல் இருக்கும்.

நம் பிள்ளைகளுக்குத் தடையாக இருப்பது எது?

முதல் தடை மலாய் மொழி என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். எஸ்.பி.எம். தேர்வில் நன்மதிப்பு வாங்குவது வேறு, அமைச்சரவைக் குறிப்பை மலாயில் எழுதுவது வேறு. தனியார் கல்லூரியில் ஆங்கிலத்திலேயே சட்டம் படித்து முடித்த பிள்ளைகள், நேர்காணலில் கொள்கை பற்றிய கேள்விக்கு மலாயில் பதில் சொல்லத் தொடங்கி மூன்றாவது வாக்கியத்தில் திணறியதை என்னிடம் வந்து சொல்லி அழுதிருக்கிறார்கள். பெர்னாமா செய்திகளையும் நாடாளுமன்ற விவாத அறிக்கையையும் ஓர் ஆண்டு மலாயில் விடாமல் படித்தால் இது தீரும்.

இரண்டாவது தடை, ‘நமக்கெல்லாம் கிடைக்காது’ என்ற பேச்சு. நம்மவர்கள் அரசாங்கச் சேவையில் குறைவு என்பது உண்மை. அந்தக் குறை தீர வேண்டும் என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. ஆனால் விண்ணப்பமே போடாத பிள்ளையை எந்த ஆணையமும் தேர்ந்தெடுக்க வழியில்லை. முதல் முறை கிடைக்காவிட்டால் மறுபடியும் போடுங்கள். எனக்கு மூன்றாவது முறைதான் கிடைத்தது.

தூதராக இருந்துகொண்டே வழக்காடலாமா?

கூடாது. 1961ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 42ஆம் பிரிவு, தூதரக அதிகாரி தாம் பணியாற்றும் நாட்டில் சொந்த ஆதாயத்துக்காக எந்தத் தொழிலும் செய்யக்கூடாது என்கிறது. இங்கேயும் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி, வேறு இடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு அந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் கிடையாது.

தூதரக விலக்குரிமை என்றால் என்ன தப்பும் செய்யலாம் என்று பொருளா?

இல்லை. பணியாற்றும் நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும் என்று 41ஆம் பிரிவு சொல்கிறது. விலக்குரிமை தூதருடையதன்று, அவரை அனுப்பிய நாட்டினுடையது. அந்நாடு 32ஆம் பிரிவின்படி அதை விட்டுக்கொடுக்கலாம். 2014இல் நியூசிலாந்தில் மலேசியத் தூதரகப் பணியாளர் ஒருவர்மீது ஒரு பெண்ணைத் தாக்கியதாகக் குற்றச்சாட்டு வந்தபோது, அவர் முதலில் விலக்குரிமையோடு நாடு திரும்பினார். அங்கே மக்களின் கோபம் எழுந்தது. அதே ஆண்டு அவரை மலேசியா திருப்பி அனுப்பியது. அவர் அந்நாட்டு நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். திருப்பி அனுப்பியது சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

தூதரை ஏற்றுக்கொண்ட நாட்டுக்கும் ஓர் ஆயுதம் உண்டு. 9ஆம் பிரிவின்படி, காரணம் சொல்லாமலே ஒரு தூதரை ஏற்கத்தகாதவர் என்று அறிவிக்கலாம். 2017 பிப்ரவரி 13ஆம் தேதி கே.எல்.ஐ.ஏ.2 விமான நிலையத்தில் கிம் ஜொங் நாம் கொலையான பிறகு, மலேசியாவின் விசாரணையை இழித்துப் பேசிய வடகொரியத் தூதரை மார்ச் 4ஆம் தேதி நம் அரசாங்கம் அப்படி அறிவித்தது. வடகொரியா மூன்று நாளில் அங்கிருந்த மலேசியர்கள் வெளியேறத் தடை விதித்தது. தூதரக ஊழியர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் வீடு திரும்ப மாதக் கடைசியாயிற்று. 2021 மார்ச்சில், வடகொரியர் ஒருவரை நீதிமன்ற நடவடிக்கைகள் முடிந்தபின் அமெரிக்காவிடம் ஒப்படைத்ததை ஒட்டி அந்நாடு உறவையே முறித்துக்கொண்டது. நாடு கடத்தும் சட்டத்தில் நீதிமன்றம் கொடுத்த ஒரு பதிலுக்கு, வெளியுறவில் இப்படி ஒரு விலை இருந்தது.

விலக்குரிமைச் சட்டத்தில் உலகமே மேற்கோள் காட்டும் ஒரு வழக்கு கோலாலம்பூரில் பிறந்தது. வழக்கறிஞர் மன்றத்தின் முன்னாள் தலைவர் பரம் குமாரசாமி, 1994 முதல் நீதிபதிகள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் சுதந்திரம் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்தார். அவர் 1995இல் ஒரு சட்ட இதழுக்குக் கொடுத்த பேட்டிக்காக, இங்குள்ள நிறுவனங்கள் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தன. ஐ.நா. தலைமைச் செயலாளர் அவருக்கு விலக்குரிமை உண்டு என்று எழுதியும் உள்ளூர் நீதிமன்றங்கள் வழக்கை நடத்தின. 1999 ஏப்ரல் 29ஆம் தேதி அனைத்துலக நீதிமன்றம், அவருக்கு விலக்குரிமை உண்டு என்றும், தலைமைச் செயலாளரின் கருத்தை மலேசிய அரசாங்கம் தன் நீதிமன்றங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும் என்றும் கூறியது. சட்ட மாணவர்கள் அந்தக் கருத்துரையை ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள்.

வெளிநாட்டில் நம்மவர் கைதானால், சட்டம் படித்த தூதரக அதிகாரி அவருக்காக வாதாடுவாரா?

மாட்டார். 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு, கைதானவர் விரும்பினால் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும் என்றும், அதிகாரி அவரைப் போய்ப் பார்க்கலாம் என்றும், வழக்கறிஞர் ஏற்பாடு செய்யலாம் என்றும் சொல்கிறது. அவ்வளவே. உள்ளூர் வழக்கறிஞர்களின் பட்டியல் கொடுப்போம், விசாரணையில் பின் வரிசையில் உட்காருவோம், வீட்டுக்குத் தகவல் சொல்வோம்.

நான் முதல் முறை அப்படிப் போனது ஓர் அண்டை நாட்டுச் சிறைக்கு. கெடாவைச் சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பையன். கையில் கோப்பும் பேனாவும் வைத்துக்கொண்டு, குற்றச்சாட்டு எந்தப் பிரிவு, வாக்குமூலம் எப்போது எடுத்தார்கள் என்று வழக்கறிஞர் வரிசையிலேயே கேட்கத் தொடங்கினேன். கண்ணாடிக்கு அப்புறம் அவன் என் பெயர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொலைபேசியை வாயருகே வைத்துக்கொண்டு, “அண்ணே, நீங்க தமிழா?” என்றான். ஆமாம் என்றேன். “அம்மாகிட்ட நான் கம்பெனி வேலையா வந்திருக்கேன்னு சொல்லிருக்கேன். நீங்க வேற மாதிரி சொல்லிடாதீங்க” என்றான். அன்று அந்தக் கோப்பில் நான் எழுதியது அவனுடைய அம்மாவின் கைப்பேசி எண் மட்டுமே.

எல்லாம் செய்தும் முடியாமல் போவதும் உண்டு. 2009இல் 42.72 கிராம் ஹெராயினோடு சிங்கப்பூரில் கைதான நாகேந்திரன் தர்மலிங்கத்துக்காக வழக்கறிஞர்கள் மனுவுக்கு மேல் மனுப் போட்டார்கள். அறிவுத்திறன் குறைந்தவர் என்று உலகெங்கும் குரல் எழுந்தது. மலேசியப் பிரதமர் சிங்கப்பூர்ப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2022 ஏப்ரல் 27ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார். சட்டமும் தூதும் சேர்ந்து முட்டியும் திறக்காத கதவு அது. இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் அதையும் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா?

பினாங்கில் வளர்ந்த பி. ஜி. லிம்மைப் பாருங்கள். வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் சட்டம் படித்து, இந்தோனேசிய மோதல் காலத்து வழக்குகளில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடியவர். 1971இல் ஐ.நா.வில் மலேசியாவின் துணை நிரந்தரப் பிரதிநிதியாகப் போனார். பிறகு யூகோஸ்லாவியாவிலும் பெல்ஜியத்திலும் தூதராக இருந்தார். மலேசியாவின் முதல் பெண் தூதர் அவரே. ஆண்களுக்கே அந்த வாசல் குறுகலாக இருந்த காலத்தில் அவர் நுழைந்திருக்கிறார்.

சிரமம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நாடு மாற வேண்டும். கணவரோ மனைவியோ தம் வேலையை விட வேண்டிவரும். பிள்ளைகள் பள்ளி மாறிக்கொண்டே இருப்பார்கள். இது ஆண், பெண் இருவருக்கும் உள்ளதுதான். திருமணத்துக்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

தமிழ் தெரிந்திருப்பதால் ஏதாவது பயன் உண்டா?

சென்னையில் மலேசியாவின் துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கே பயன் வெளிப்படையானது. மற்ற இடங்களில், மேலே சொன்ன சிறைச்சாலைக் கண்ணாடிபோல, எதிர்பாராத நேரத்தில் பயன்படும். பதவி உயர்வுக்கு மலாயும் ஆங்கிலமும் வேண்டும். மூன்றாவதாகப் பிரெஞ்சோ அரபோ மாண்டரினோ கற்றுக்கொண்டால் நல்லது. சின்ன வயதிலேயே மூன்று மொழிக்கிடையே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு நான்காவது பயமுறுத்தக் கூடாது.

பினாங்கிலேயே வழக்கறிஞராக இருந்துகொண்டு தூதரகப் பணி செய்ய வழி உண்டா?

ஜார்ஜ் டவுனில் தாய்லாந்து, இந்தோனேசியா, ஜப்பான் போன்ற நாடுகளின் துணைத் தூதரகங்கள் இருக்கின்றன. அவற்றில் அந்தந்த நாட்டு அதிகாரிகள் பணியாற்றுகிறார்கள். இவை தவிர, கௌரவத் துணைத் தூதர் என்று ஒரு முறை 1963ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே உண்டு. உள்ளூரில் மதிப்புள்ள ஒருவரை வேறொரு நாடு தேர்ந்தெடுத்து, தன் மக்களின் தேவைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும். அவர் தம் சொந்தத் தொழிலையும் தொடரலாம். பொதுவாகச் சம்பளம் கிடையாது. அழைப்பு வர வேண்டும், கேட்டுப் பெறுவதில்லை.

பிறகு சட்டத் தொழிலுக்குத் திரும்ப முடியுமா?

முடியும். பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை, தொழில் சான்றிதழுக்கு மறுபடியும் விண்ணப்பித்துத் தொழிலைத் தொடரலாம். பி. ஜி. லிம் தூதர் பணிக்குப் பிறகு, நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் மூலம் தகராறுகளைத் தீர்க்கும் கோலாலம்பூர் வட்டார நடுவர் மையத்தின் இயக்குநராக 1982 முதல் 2000 வரை இருந்தார். அந்த மையம்தான் 2018இல் ஆசிய அனைத்துலக நடுவர் மையம் என்று பெயர் மாறியது. நடுவர் தீர்ப்பும் சமரசமும் இப்போது வளரும் துறைகள்; எதிரெதிரான இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்கத் தெரிந்தவர்களை அங்கே தேடுகிறார்கள்.

நான் திரும்பியது அவ்வளவு தூரம் இல்லை. மாதம் இரண்டு முறை சமரசப் பேச்சுகளுக்காகக் கோலாலம்பூர் போகிறேன். நீதிமன்ற வளாகம் இருக்கும் சாலையை 2014இல் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலீம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். என் வயதுடைய வழக்கறிஞர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். டாக்சியில் ஏறியதும் நானும் “ஜாலான் டூத்தா” என்கிறேன். மலாயில் அந்தச் சொல்லுக்குத் தூதர் என்று பொருள்.